காற்று புகுந்த வழி

கவிதையும் கதையும் பேசப்படுகிற இடத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டியின் எஞ்சின் கோளாற்றைப் பற்றி எழுதலாமா என்ற தயக்கம் எங்களுக்கு நெடுநாள் இருந்தது. இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டதற்கு அதுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டாலும், உண்மையான காரணம் வேறு. அது போகப்போகத் தெரியவரும்.

முதலில் 'நாங்கள்' யார் என்று சொல்லிவிட வேண்டும். நாங்கள் இருவர், உடன்பிறந்தவர்கள். மூத்தவன் மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறான். இளையவன் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் ஏற்றும் வண்டி ஓட்டுகிறான். இதை எழுதுபவன் மூத்தவன் என்பதை ஊகிக்கப் பெரிய புலமை தேவையில்லை. இங்கே சொல்லப்போகும் தவற்றில் பெரும்பங்கு அவனுடையது; ஆகவே தன்மை ஒருமையில் எழுதுவதுதான் நேர்மை என்று அப்படியே தொடங்கவும் செய்தான். முதல் பக்கத்தைப் படித்துக் காட்டியபோது இளையவன் ஒப்பவில்லை. "நாம ரெண்டு பேரும் உக்காந்துதானே அண்ணே முடிவு பண்ணோம்? உங்க தலையில மட்டும் எதுக்குப் போட்டுக்கறீங்க?" என்றான். ஆகவே பன்மை. 'நாங்கள்' என்பது கேட்பவரைச் சேர்க்காத தன்மைப் பன்மை என்று வகுப்பில் சொல்வதுண்டு. பேசுபவன் தன்னை மறைத்துக்கொள்ளவும் அதில் இடமிருக்கிறது என்பதை இதை எழுதும்போதுதான் கண்டோம்.

எங்கள் ஊர் விருப்பாச்சிக்குப் பக்கத்தில், மலையின் காலடியில் இருக்கிறது. விருப்பாச்சி என்றால் வரலாறு படித்தவர்களுக்குப் பாளையக்காரர் கோபால் நாயக்கர் நினைவுக்கு வருவார், வியாபாரிகளுக்கு மலைவாழை. ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாகப் பாச்சலூருக்கு ஏறும் மலைச்சாலைதான் எங்கள் வண்டியின் பிழைப்பு. ஏறும்போது உரமூட்டை, சிமெண்டு, கடைச் சாமான். இறங்கும்போது சௌசௌ, பீன்ஸ், வாழைத்தார். வண்டி டாடா 207 டி.ஐ., 2006-இல் அப்பா கடனில் எடுத்தது. நான்கு சிலிண்டர், ஏறத்தாழ மூன்று லிட்டர் டீசல் எஞ்சின். இந்த எஞ்சினில் கணினி கிடையாது, விளக்கு எரிந்து எச்சரிக்கும் ஏற்பாடும் பெரிதாகக் கிடையாது. கண்டுபிடிப்பதெல்லாம் காதாலும் மூக்காலும் கையாலும்தான். கிலோமீட்டர் காட்டும் மீட்டர் 2014-லேயே நின்றுவிட்டது. மூன்று லட்சத்தைத் தாண்டியிருக்கும் என்பது வீட்டுக் கணக்கு.

அப்பா 2021-இல் இறந்தார். அதன்பிறகு வண்டி முழுக்க இளையவன் கைக்கு வந்தது. ஒரு சிறு மாற்றத்தை மட்டும் இங்கே குறித்துவிட வேண்டும். கதைக்கு அது தேவை. எங்கள் வீட்டு வாசல் தெருவிலிருந்து உள்நோக்கி நன்றாக ஏறும். அப்பா எவ்வளவு இருட்டினாலும் வண்டியைப் பின்னுக்கு எடுத்து ஏற்றி, முகம் தெருவைப் பார்த்து இருக்கும்படிதான் நிறுத்துவார். அந்த ஆண்டே பக்கத்து வீட்டுக்காரர் மதில் எழுப்பினார். பின்னுக்கு எடுத்துத் திருப்ப இடம் போதவில்லை. இளையவன் நேராக ஏற்றி, முகம் வீட்டைப் பார்க்க, மேல்நோக்கி நிறுத்தத் தொடங்கினான். அதில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

2023 கார்த்திகையில் தொல்லை தொடங்கியது. காலை நான்கு மணிக்குச் செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. முப்பது, நாற்பது வினாடி அடித்த பிறகு ஒரு சிலிண்டர் உதறும், பிறகு இரண்டு, பிறகு நான்கும் சேரும். சேர்ந்துவிட்டால் குறையில்லை. ஒரு வாரத்தில் பேட்டரி சோர்ந்து போயிற்று. பேட்டரியை மாற்றினோம். தொல்லை நிற்கவில்லை. மார்கழியில் இன்னொன்று சேர்ந்தது. மலையில் லோடோடு ஏறும்போது, ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க எஞ்சின் திணறி இறங்கியது. எங்கள் பக்கத்தில் வண்டியின் வேகம் எடுக்கும் திறனுக்கும் 'பிக்கப்' என்றுதான் பெயர். "பிக்கப்புல பிக்கப் இல்ல" என்று சந்தையில் கேலி செய்தார்கள். இறங்கும்போது மட்டும் எந்தக் குறையும் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூத்தவன் ஊருக்கு வந்திருந்தபோது இளையவன் சொன்னான்:

"அண்ணே, வண்டி மூஞ்சி கீழ பாத்து நின்னா ஒரே செல்ஃப்ல எடுத்துக்குது. மேல பாத்து நின்னாத்தான் இந்த வம்பு. சந்தையில சமதரையில நின்னாலும் அவ்வளவு மோசம் இல்ல."

"வண்டிக்கும் வாஸ்து பாக்க ஆரம்பிச்சுட்டியா?" என்றான் மூத்தவன். அம்மாவும் சிரித்தாள். இளையவனும் சிரித்தான். அதன்பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்த நகைச்சுவையின் விலை என்ன என்பதை ரூபாயில் கணக்கிட முடியும் என்பதுதான் எங்கள் விஷயத்தில் விசேஷம்.

நகரத்தில் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றுக்கு வண்டியைக் கொண்டு போனோம். (பெயர் வேண்டாம். அங்கிருந்தவர் எங்களை ஏமாற்றியதாக அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.) அவர் எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காட்டினார். துளை வழியே லேசான புகை மூச்சு விடுவதுபோல் வந்துபோனது. "பேக் கம்ப்ரஷன் அடிக்குது பாருங்க" என்றார். பிஸ்டனுக்கும் லைனருக்கும் நடுவே ரிங்குகள் தேய்ந்துவிட்டால், மேலே எரியும் வாயு கீழே ஆயில் இருக்கும் அறைக்குள் கசியும். அது இந்தத் துளை வழியே வெளியேறும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை நெருக்கி, அந்த நெருக்கத்தின் சூட்டிலேயே டீசலைப் பற்றவைப்பதால், நெருக்கம் குறைந்தால் காலையில் பிடிக்காது, மேட்டில் இழுக்காது. இதெல்லாம் உண்மை. கேட்கக் கோவையாகவும் இருந்தது. மூன்று லட்சம் ஓடிய எஞ்சின், பதினேழு வயது, இரண்டு அறிகுறிகள், கண்ணெதிரே புகை. இனி என்ன வேண்டும்? முழு எஞ்சின் வேலை செய்துவிடலாம் என்றார்.

கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை இப்போது வரிசையாகச் சொல்ல முடிகிறது. ஓடித் தேய்ந்த எந்த டீசல் எஞ்சினிலும் அந்தத் துளையில் கொஞ்சம் மூச்சு இருக்கும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. நெருக்கத்தை அளக்கக் கருவி இருக்கிறது. நாசிலைக் கழற்றி அந்த இடத்தில் பொருத்தி ஒவ்வொரு சிலிண்டராக அளக்கலாம். அளக்கச் சொல்லவில்லை. ரிங் தேய்ந்தால் ஆயில் குறையும். எங்கள் வண்டியில் குறையவில்லை. நெருக்கம் குறைந்த எஞ்சினைக் காலையில் சுற்றும்போது, எரியாத டீசல் வெள்ளைப் புகையாகச் சைலன்சரில் வரும். எங்கள் வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது புகையே வருவதில்லை. இதை இளையவன் தினமும் பார்த்திருக்கிறான். அவனிடம் யாரும் கேட்கவில்லை. அங்கே பேசியதெல்லாம் மூத்தவன்தான். படித்தவன் என்பதால் ஒர்க்‌ஷாப்காரரும் அவன் முகத்தைப் பார்த்தே பேசினார். ஓட்டுகிறவன் இரண்டடி தள்ளி நின்றான்.

(நோயையும் அதன் முதலையும் பற்றி வள்ளுவர் 95-ஆம் அதிகாரத்தில் சொல்லியிருப்பதை நினைவூட்ட யாரும் எங்களுக்கு எழுத வேண்டாம். ஆண்டுதோறும் அதை நடத்துபவனே இந்தக் காரியத்தைச் செய்தான்.)

வண்டியை விற்றுவிடலாமா என்றும் ஓரிரவு பேசினோம். பதினைந்து ஆண்டு கடந்த வணிக வண்டிகளுக்குத் தகுதிச் சான்றுக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து பல மடங்கு உயர்ந்திருந்தது. ஆனால் புதிது எடுக்கப் பல லட்சம் வேண்டும். பழையதை விற்றால் அதில் கால்வாசிகூடத் தேறாது. எஞ்சின் வேலைக்கு எண்பத்தாறாயிரம் என்று கணக்குக் கொடுத்தார்கள். அம்மா அவளாகவே எழுந்து போய்ச் சங்கிலியைக் கொண்டு வந்து வைத்தாள். அப்பா இறந்த பிறகு அவள் கழுத்தில் போடாமல் வைத்திருந்த சங்கிலி அது. "வண்டி ஓடுனாத்தான் வீடு ஓடும்" என்றாள். வங்கியில் அடகு வைத்தோம்.

பதினெட்டு நாள் வண்டி பட்டறையில் கிடந்தது. லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் எல்லாம் புதிது. வால்வுகளை லேத்தில் கொடுத்துச் சீர் செய்தார்கள். கழற்றிய பழைய லைனரின் மேல்விளிம்பில் நகம் தட்டும் அளவுக்குத் தேய்மானம் இருந்ததைக் காட்டினார்கள். தேய்மானம் மெய்தான். இளையவன் இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் மூத்தவனைத் தேற்றுகிறான்: "எப்படியும் ரெண்டு வருசத்துல செய்ய வேண்டிய வேலைதான் அண்ணே." ஒர்க்‌ஷாப்பின் சமதரையில் வண்டி முதல் சுற்றிலேயே பிடித்தது. திண்டுக்கல் வரை நெடுஞ்சாலையில் போய் வந்தோம். புது எஞ்சினின் ஒலி காதுக்கு இதமாக இருந்தது.

மறுநாள் காலை வீட்டு வாசலில் செல்ஃப் அடித்தபோது, நாற்பது வினாடி பிடிக்கவில்லை.

தொலைபேசியில் கேட்டதற்கு, "புது ரிங்கு, டைட்டா இருக்கும், ஓட ஓடச் சரியாயிரும்" என்றார்கள். நம்பினோம். நம்புவதற்கு எண்பத்தாறாயிரம் காரணங்கள் இருந்தன.

தை மாதக் கடைசியில் ஒருநாள், அந்தி நேரம். இருபது சிமெண்டு மூட்டையோடு இளையவன் பாச்சலூர் சாலையில் ஏறிக்கொண்டிருந்தான். மூத்தவனும் அன்று உடன் போயிருந்தான், விடுமுறை. பரப்பலாறு அணையைத் தாண்டி, ஒரு கொண்டை ஊசி வளைவின் நடுவில் எஞ்சின் திணறி, இருமி, நின்றுவிட்டது. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் போய்விடும். ஓரிரண்டு மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். வண்டி பின்னுக்கு நழுவத் தொடங்கியது. இளையவன் இரு காலாலும் பிரேக்கை மிதித்து, கைப்பிரேக்கை இழுத்துக்கொண்டு, "இறங்கிக் கல்லு குடுங்க அண்ணே" என்றான். கத்தவில்லை. மூத்தவன் குதித்து, சாலையோரத்துக் கல் ஒன்றைத் தூக்க முயன்று முடியாமல், இன்னொன்றைத் தேடி எடுத்துப் பின்சக்கரத்துக்குக் கொடுத்தான். அதற்குள் வண்டி ஒரு ஆள் நீளம் பின்னுக்கு வந்திருந்தது. பள்ளத்துக்கு இன்னும் இரண்டு ஆள் நீளம் இருந்தது என்று மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தோம்.

அந்தச் சாலையில் இரவில் யானை வரும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். மேலிருந்து இறங்கிய ஒரு லாரிக்காரர் நிறுத்திப் பார்த்தார். பில்டர் மேல் இருக்கும் காற்றுத் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடிக்கச் சொன்னார். நுரை நுரையாகக் காற்றுதான் முதலில் வந்தது. பிறகு டீசல். திருகை இறுக்கிச் செல்ஃப் அடித்தால் வண்டி எடுத்துக்கொண்டது. "டீசல்ல ஏர் புடிச்சிருக்கு தம்பி. எஞ்சின்ல ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஒட்டன்சத்திரத்துக்கு வெளியே, பழனி சாலையில் வேப்பமரத்தடியில் ஒரு பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை. அதை நடத்துபவருக்கு எழுபதை ஒட்டிய வயது. லாரிகளிலேயே தொழில் பழகியவர். அப்பாவுக்குத் தெரிந்தவர். முதலிலேயே அவரிடம் ஏன் போகவில்லை என்பதற்குப் பதில், பெயர்ப்பலகை இல்லை என்பதுதான்.

அவர் பானட்டைத் திறக்கவில்லை. டீ வரச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டார். காலையிலா, சூட்டிலா? காலையில். ஏறும்போதா, இறங்கும்போதா? ஏறும்போது. புகை என்ன நிறம்? புகையே இல்லை. ஆயில் குறைந்ததா? இல்லை. டீசல் செலவு? கொஞ்சம் கூட. டேங்க் நிறைய இருக்கும்போது எப்படி? தேவலை. ராத்திரி எப்படி நிறுத்துவீங்க?

கடைசிக் கேள்விக்கு இளையவன் உடனே பதில் சொல்லவில்லை. மூத்தவனைத் திரும்பிப் பார்த்தான். "நீயே சொல்லு" என்றான் மூத்தவன்.

சொல்லி முடித்ததும் அவர் தலையாட்டினார். "இதைச் சொன்ன பொறவு எஞ்சினை எதுக்குப் பிரிச்சானுக?" என்றார். சொல்லவில்லை என்று நாங்கள் சொன்னோம்.

புகையைப் பற்றி அன்று அவர் சொன்னதை எழுதி வைத்திருக்கிறோம். கறுப்பு என்றால் டீசல் மிகுதி, காற்றுப் பற்றாக்குறை. ஏர் பில்டரையும் நாசிலையும் பார்க்க வேண்டும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் எரியாத டீசல், அல்லது கேஸ்கட் போய்த் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. செல்ஃப் அடிக்கும்போது புகையே இல்லை என்றால், எரிவதற்கு உள்ளே எதுவும் வந்து சேரவில்லை. "புகை வல்லீன்னா அடுப்புல வெறகு இல்லைன்னு அர்த்தம்" என்றார்.

அவருடைய சொற்களைக் கேட்டுக்கொண்டிருப்பதே ஒரு சுகமாக இருந்தது. வண்டி மூச்சு வாங்கும், இருமும், அடைத்துக்கொள்ளும், பசி எடுக்கும், சூடு பிடிக்கும், இளைக்கும். உடம்புக்குரிய வினைகளையே எஞ்சினுக்கும் ஆள்கிறார்கள். பெயர்களெல்லாம் ஆங்கிலம், வினைகளெல்லாம் தமிழ். பம்பு, நாசில், பைப் என்பவை வெளியிலிருந்து வந்தன. அவை செய்வதும் படுவதும் இங்கேயே இருந்தன. கலைச்சொல்லாக்கக் கருத்தரங்குகளில் மூத்தவன் வாசித்த கட்டுரைகளில் இந்தக் கவனிப்பு இல்லை.

சோதனையை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தார். முதலில் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் பைப்பின் நட்டைத் துணி போர்த்தித் தளர்த்தி இறுக்கினார். எந்தச் சிலிண்டருக்கு டீசலை நிறுத்தினாலும் ஒலி ஒரே அளவு தாழ்ந்தது. நான்கும் சமமாக உழைக்கின்றன. குறை எதோ ஒன்றில் இல்லை, நான்குக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. (இதை வீட்டில் செய்து பார்க்க விரும்பும் வாசகர்கள் கையை அருகில் கொண்டு போகாமல் இருப்பது நல்லது. நாசில் முனையில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்; கையையே எடுக்க நேர்ந்தவர்கள் உண்டு.)

அடுத்து ஐந்து லிட்டர் டீசல் கேனைக் கேபின் கூரையில் கட்டினார். டேங்கிலிருந்து வரும் பைப்பைப் பம்புக்கு முன்னால் கழற்றி, கேனிலிருந்து நேராக ஒரு குழாயைக் கொடுத்தார். மேலிருந்து தானாக இறங்கும் டீசலில் காற்று புக வழியில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினோம். மூன்று மாதமாகத் திணறிய வண்டி எங்களை இருக்கையோடு பின்னுக்குத் தள்ளியது. இளையவன் வாய்விட்டுச் சிரித்தான். ஆக, எஞ்சின் நலம், பம்பு நலம், பில்டர் நலம். குறை டேங்குக்கும் பம்புக்கும் நடுவே உள்ள இரண்டு, மூன்று மீட்டர் பாதையில்.

பிறகு ஹார்டுவேர் கடைக்கு ஆளனுப்பி, கொத்தனார்கள் தண்ணீர் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூப் இரண்டு மீட்டர் வாங்கி வரச் சொன்னார். அதில் ஒரு முழத்தை வெட்டிப் பம்புக்கு முன்னால் பொருத்தி எஞ்சினை ஓடவிட்டார். டீசலோடு குமிழிகள் மணிச்சரம்போல் ஓடின. ஆக்சிலேட்டரைக் கூட்டக் கூட்டச் சரம் தடித்தது. அதே துண்டைக் கழற்றி டேங்கின் வாயில் பொருத்தினார். அங்கே ஒரு குமிழிகூட இல்லை. தெளிந்த டீசல். காற்று நடுவில்தான் எங்கோ புகுகிறது.

மூத்தவனே கீழே படுத்து நகர்ந்து உள்ளே போனான். அவர் டார்ச்சைக் கொடுத்து, "ஈரப் புழுதி எங்க இருக்கு பாருங்க சார்" என்றார். டீசல் ஒழுகுகிற இடத்தைத் தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றும் இல்லை. "ஒழுகாதுங்க" என்றார் வெளியிலிருந்து. "உள்ள இழுக்கற ஓட்டை வெளிய அழாது." எஞ்சின் ஓடும்போது அந்தப் பைப்பில் இருப்பது உறிஞ்சுவிசை. டீசல் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். நின்றிருக்கும்போது அதே வழியில் காற்று மெல்ல நுழைய, பைப்பில் இருக்கும் டீசல் டேங்குக்கே திரும்பி வடிந்துவிடும். முகம் மேல்நோக்கி நின்றால் பம்பு உயரத்திலும் டேங்க் தாழ்விலும் இருக்கும். இரவெல்லாம் வடிந்து, காலையில் பைப் வெறுமையாக இருக்கும். கீழ்நோக்கி நின்றால் வடியாது. மலை ஏறும்போதும் இதே கதை: பம்பு மேலே, டேங்க் கீழே, தேவையோ அதிகம், உறிஞ்சும் வேகத்துக்குத் தக்கபடி காற்றும் கூடுகிறது. இறங்கும்போது ஒன்றுமில்லை. இளையவன் ஒரே வாக்கியத்தில் சொன்னதன் விரிவுரைதான் இது முழுவதும்.

சேசிஸ் ஓரமாக ஓடும் இரும்புப் பைப்பின் நடுவில், சேறு காய்ந்து அப்பியிருந்த இடத்தில், சுரண்டியபோது ஒரு ஒட்டு தெரிந்தது. 2012-இல் மலையில் கல் தெறித்து அந்தப் பைப் நசுங்கியபோது, அப்பா நசுங்கிய பகுதியை வெட்டியெறிந்துவிட்டு ரப்பர் குழாய்த் துண்டால் இணைத்திருந்தார். கிளாம்பு இல்லாததால் கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தார். பதினோரு ஆண்டு வெயிலிலும் சூட்டிலும் ரப்பர் காய்ந்து, கம்பியின் அடியில் தலைமுடி அளவுக்கு வெடித்திருந்தது. வண்டி செய்தவர்கள்மேல் குற்றமில்லை. அப்பா மேலும் இல்லை. எந்த ரப்பரும் அவ்வளவு நாள் உழைத்தால் போதும்.

இளையவனும் உள்ளே நகர்ந்து வந்து பார்த்தான். கம்பியின் முறுக்கைத் தொட்டு, "அப்பா முறுக்கு" என்றான். கட்டுக்கம்பியை எல்லாரும் வலப்பக்கமாக முறுக்குவார்கள், அப்பா இடக்கைக்காரர். வண்டிக்கடியில் கொஞ்ச நேரம் இருவரும் மல்லாந்து கிடந்தோம். அந்த நேரத்தில் மூத்தவன், அப்பாவுக்கு இது தெரிந்துதான் வண்டியைக் கீழ்நோக்கி நிறுத்தினாரோ என்று கேட்டான். அப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஓர் ஆசை. "இல்ல அண்ணே. லாரி ஓட்டுன காலத்துப் பழக்கம். பேட்டரி எறங்குனா உருட்டி எடுத்துக்கலாம்னு" என்றான் இளையவன். அது அப்பா அவனிடம் சொன்னது. மூத்தவனிடம் சொல்லும் வாய்ப்பு நேரவில்லை. அவன் விடுதியில் இருந்து படித்தான்.

டீசலுக்குத் தாங்கும் புது ரப்பர்க் குழாய் ஒரு முழம், திருகு கிளாம்பு இரண்டு: நூற்று அறுபது ரூபாய். கூலி முந்நூறு கேட்டார். ஐந்நூறு கொடுத்தோம், இருநூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இன்னைக்கு ராத்திரி மேல பாத்தே நிறுத்துங்க. அப்பத்தான் மனசு ஆறும்" என்றார்.

அப்படியே நிறுத்தினோம். காலை நான்கு மணிக்கு மூவரும் எழுந்துவிட்டோம். அம்மா வாசற்படியில் நின்றாள். இளையவன் சாவியைத் திருப்பினான். பாதிச் சுற்றில் எடுத்துக்கொண்டது. ஒருமுறை நிறுத்திவிட்டு மறுபடியும் திருப்பினான். மறுபடியும் அதே பாதிச் சுற்று.

மூத்தவன் கேபின் கதவருகே போய், "நீ அன்னைக்குச் சொன்னப்பவே..." என்று தொடங்கினான்.

"சௌசௌ ஏத்தணும் அண்ணே. நேரமாச்சு" என்றான் இளையவன். வண்டி தெருவில் இறங்கித் திரும்பியது.

கண்ணாடி டியூபில் மீதியிருந்ததைச் சுருட்டி டேஷ்போர்டு அறையில் வைத்திருக்கிறோம். பழைய ரப்பர்த் துண்டு கம்பியோடு மூத்தவனின் மேசையில், விடைத்தாள்களின் மேல் கிடக்கிறது. சங்கிலி இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. இரண்டுமுறை வட்டி கட்டித் திருப்பி வைத்தாயிற்று. வரும் ஆவணிக்குள் மீட்டுவிடலாம் என்று இளையவன் சொல்கிறான். அம்மா அதைப் பற்றிக் கேட்பதில்லை.